மெஜஸ்டி டெமோ, 1986: ஆறு பாட்டு, ஒரு கேசட், இடம் கிடைக்காத ஒரு குரல்

கேசட்கிறுக்கன்

இங்கே ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பேச்சு வந்தால் 1992-இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் ஆரம்பிக்கும். மிஞ்சிப்போனால் 1989-இல் வந்த முதல் ஆல்பம் வரை பின்னால் போகும், அங்கேயே நின்றுவிடும். அதற்கும் முன்னால், குழுவுக்கு மெஜஸ்டி என்று பெயர் இருந்தபோது விட்ட ஒரு டெமோ (மாதிரிப் பதிவு) கேசட் இருக்கிறது. இந்த இழை அதற்காக.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் மூன்று பேர் சேருகிறார்கள். கிட்டாரில் ஜான் பெட்ரூச்சி, பாஸில் ஜான் மியுங், டிரம்ஸில் மைக் போர்ட்னாய். மூவரும் 1967-இல் பிறந்தவர்கள். பெட்ரூச்சியும் மியுங்கும் லாங் ஐலண்டில் ஒரே ஊர்க்காரர்கள், கிங்ஸ் பார்க். போர்ட்னாயை அவர்கள் பார்த்ததே கல்லூரியில்தான். ரஷ் என்ற கனடிய ராக் குழுவின் கச்சேரி டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றபோது அவர்களுடைய 'பாஸ்டில் டே' பாட்டின் முடிவைக் கேட்டுப் போர்ட்னாய் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து மெஜஸ்டி என்ற பெயர் பிறந்தது. கீபோர்டுக்குக் கெவின் மூர் வந்தார். ஊரில் பெட்ரூச்சி, மியுங்கோடு சென்சூரியன் என்ற குழுவில் வாசித்தவர். பாடுவதற்குக் கிரிஸ் காலின்ஸ். பெர்க்லி மூவரும் படிப்பை நடுவில் விட்டார்கள், ஐந்து பேருமாக நியூயார்க் பக்கம் சின்னச்சின்னக் கச்சேரிகள் செய்தார்கள்.

1986-இல் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்து கேசட்டாக விட்டார்கள்: 'அனதர் வன்', 'யுவர் மெஜஸ்டி', 'எ விஷன்', 'டூ ஃபார்', 'வைட்டல் ஸ்டார்', 'மார்ச் ஆஃப் தி டைரன்ட்'. ஆயிரம் பிரதிகள் போட்டார்கள், ஆறு மாதத்தில் தீர்ந்துபோயின. அதன் பிறகு நகலுக்கு நகல் என்று ரசிகர்களின் கையில் சுற்றியது. முறையான சிடி வர 2003 ஆனது, அதுவும் போர்ட்னாய் ஆரம்பித்த யிட்ஸேஜாம் ரெக்கார்ட்ஸ் வழியாக.

என் கட்சி இதுதான். இந்தக் குழுவுக்குப் பின்னால் என்னென்ன அடையாளம் என்று சொன்னார்களோ, அத்தனையும் இந்தக் கேசட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நீளமான பாட்டு, நடுவில் தாளம் மாறுவது, கிட்டாரும் கீபோர்டும் ஒரே வரியைச் சேர்ந்து ஓட்டுவது, இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம். ஒன்றுதான் இல்லை. பாடகருக்கு இடம். காலின்ஸ் மோசமாகப் பாடுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நிற்க இடமே விடாமல் இசையை எழுதி முடித்துவிட்டார்கள். டெமோவைக் கேட்கும்போது எனக்கு அதுதான் சுவாரசியம்.

பழையசோறு

கேட்டாச்சு. குரல் காதைக் கிழிக்கிறது. இடம் கொடுக்காததால் அப்படி ஆனது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இடம் கொடுத்திருந்தால் இன்னும் கிழித்திருக்கும்.

பொதுவாகவே ஒன்று கேட்கிறேன். இந்த ஐந்து பேரும் 1987-இல் கலைந்து ஆளுக்கொரு வேலைக்குப் போயிருந்தால், இந்தக் கேசட்டுக்கு இங்கே இழை போடுவீர்களா? பின்னால் பேர் கிடைத்தவர்களின் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது ரசிகர்களுக்குப் பிடிக்கும், சரி. அதை இசை என்று என்னிடம் விற்காதீர்கள்.

புதுக்காது

அண்ணே, ஒரு சந்தேகம். ஆறு பாட்டு என்கிறீர்கள். நான் எடுத்த சிடியில் 23 இருக்கிறதே? அதில் பாதி அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். "ஜான் தன்னை இங்வே என்று நினைத்துக்கொள்கிறான்" என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பு. கொசுக்கள் ஒத்திசையோடு பாடுவதாக இன்னொன்று. யாராவது தப்பான கோப்பை ஏற்றிவிட்டார்களா?

கேசட்கிறுக்கன்

தப்பான கோப்பு இல்லை தம்பி. 2003 சிடியின் முழுப் பெயரிலேயே 1985-1986 என்று இருக்கும். 18-ஆவது பாட்டிலிருந்து கடைசி வரைதான் 1986 கேசட். அதற்கு முன்னால் வருவது எல்லாம் பெர்க்லி நாட்களில் மூன்று பேரும் அடித்த லூட்டி. கிட்டார்க்காரர்கள் இங்வே மால்ம்ஸ்டீன், ரேண்டி ரோட்ஸ், ராமோன்ஸ் குழுவின் டீ டீ என்று ஆளாளுக்கு வேஷம் போட்டு வாசித்தவை. பாட்டைத் தலைகீழாக ஓட்டி, தலைப்பையும் தலைகீழாக எழுதிய ஒன்றுகூட உண்டு. முதல் தடவை கேட்கும்போது அவற்றைத் தாண்டிவிடலாம்.

ஆனால் அந்த முதல் பகுதியில் மூன்றை மட்டும் தாண்டாதீர்கள்: 'அனதர் வன்', 'டூ ஃபார்', 'யுவர் மெஜஸ்டி'. மூன்றும் பாடல் வரி இல்லாத வடிவம், வெறும் வாத்தியம். அதே மூன்று பிறகு 1986 பகுதியில் குரலோடு வரும். என் வாதத்துக்கு ஆதாரமே இதுதான். பாடகர் வருவதற்கு முன்பே பாட்டு எழுதி முடித்தாயிற்று. குரலில்லாத வடிவத்தில் ஒரு துளி வெற்றிடம்கூட இருக்காது. கிட்டார் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும், மிச்சத்தை டிரம்ஸ் நிரப்பிவிடும். அதன் தலைமேல் ஏறி நின்று ஒருவர் பாட வேண்டும் என்றால் எந்தச் சுருதிக்குப் போவார்? கிட்டாருக்கு மேலே போனால்தானே குரல் கேட்கும்!

மிஸ்ரசாபு

நான் மிருதங்கக்காரன், மெட்டல் பக்கம் வந்தது தாளத்துக்காக. குரல் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. அந்த முதல் பகுதியில் ஒன்று இருக்கிறது, ரஷ்ஷின் 'ஒய்ஒய்இசட்'டை இவர்கள் வாசித்தது. அதைத் தாண்டச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அந்தப் பாட்டின் தொடக்கத் தாளம் டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு, மோர்ஸ் தந்தி மொழியில். ஒய் என்றால் நெடில், குறில், நெடில், நெடில். இசட் என்றால் நெடில், நெடில், குறில், குறில். நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று என்று போடுங்கள். ஒய்க்கு 2+1+2+2, ஆக ஏழு. இன்னொரு ஒய், இன்னொரு ஏழு. இசட்டுக்கு 2+2+1+1, ஆக ஆறு. மொத்தம் இருபது. மேற்கத்தியக் கணக்கில் ஐந்து பீட். நம் காதுக்கு இரண்டு மிஸ்ரமும் ஒரு ஆறும். மடியில் தட்டிப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே கை பழகிவிடும்.

பதினெட்டு வயதில் இதை வாசித்துப் பழகிய பையன்கள் பிறகு எழுதும் பாட்டுகளில் ஏழும் ஐந்தும் புழங்காமல் என்ன செய்யும்? அதே பகுதியில் 'தி ஃபாரன்டோல்' என்று ஒன்றும் இருக்கிறது. பிஸேவின் செவ்வியல் இசை. பாஸ் வாசிக்கும் பில்லி ஷீஹனின் டாலாஸ் குழு அதை ராக்காக மேடையில் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. போர்ட்னாயும் ஷீஹனும் பின்னாளில் தி வைனரி டாக்ஸ் என்று ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் சிரிப்பு வரும்.

பழையசோறு

மோர்ஸ் கணக்கு அருமை ஐயா. ஆனால் அது ரஷ்ஷுக்குப் பெருமை. அடுத்தவர் பாட்டை நன்றாக வாசித்தார்கள் என்பது மாணவர்களுக்கு மதிப்பெண் போட மட்டும்தான் உதவும்.

வெள்ளிரைச்சல்

குரல் காதைக் கிழிக்கிறது என்று தீர்ப்பு எழுதியவர் எதில் கேட்டார் என்று முதலில் சொல்லட்டும். சிடியிலா, இணையத்தில் யாரோ ஏற்றிய கேசட் நகலிலா?

ஏன் கேட்கிறேன் என்றால், இரண்டும் வேறு வேறு. கேசட் நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதில் இந்தப் பக்கம் இரண்டு தடம், அந்தப் பக்கம் இரண்டு தடம். நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். இவ்வளவு குறுகிய தடத்தில், இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இருந்தே தீரும். அதை நகல் எடுத்தால் முதல் நாடாவின் இரைச்சலும் இரண்டாம் நாடாவின் இரைச்சலும் கூடும். ஒரே தரத்து நாடாக்கள் என்றால் ஒரே நகலில் இரைச்சலின் ஆற்றல் இரட்டிப்பு, 3 டெசிபல். நாலாவது ஐந்தாவது கைக்கு வரும்போது சிம்பலும் கீபோர்டின் மேல் சுரங்களும் மங்கிப்போயிருக்கும். நடு அலைவரிசையில் இருக்கும் குரலும் கிட்டாரும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பாடகர் கத்துகிறார் என்று தோன்றுவதில் ஒரு பங்கு நாடாவுக்கு.

அடுத்தது வேகம். வீட்டு டெக்குகள் சரியான வேகத்தில் ஓடுவது அபூர்வம். ஒன்று ஒரு சதவீதம் மெதுவாகவும் இன்னொன்று இரண்டு சதவீதம் வேகமாகவும் ஓடினால், நகலில் மூன்று சதவீத வித்தியாசம் வரும். ஆறு சதவீதம் என்பது ஏறத்தாழ ஒரு அரைச்சுரம். அப்படியென்றால் மூன்று சதவீதத்துக்குக் கால் சுரம் ஏறிவிடும். ஏற்கெனவே உச்சத்தில் பாடுகிறவரைக் கால் சுரம் தூக்கிவிட்டால் எலிக்குட்டி மாதிரிதான் கேட்கும். போதாததற்கு இரட்டை வேகத்தில் நகல் எடுக்கும் டெக்குகள் வேறு.

பழையசோறு

சிடிதான். விலை கொடுத்து வாங்கியது. எலிக்குட்டி அதிலும் இருக்கிறது.

வெள்ளிரைச்சல்

அப்படியானால் என் வக்காலத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 2003 வரை இதைக் கேட்ட பெரும்பாலானவர்கள் கேட்டது நகலை. காலின்ஸ் பற்றி ஊரில் பரவிய அபிப்பிராயம் அந்த நகல்களில் உருவானது.

நிலவறை

கேசட் மாற்றிக்கொள்வது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இன்றைக்கு இருப்பவர்களுக்கு அந்த உலகம் புரிவது கஷ்டம். ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. கையால் ஒட்டித் தயாரித்த சிறுபத்திரிகைகளில் இரண்டு வரி விமர்சனம் வரும், கீழே ஒரு முகவரி. வெற்று நாடாவும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்பினால் பதிந்து அனுப்புவார்கள். மெட்டாலிகாவின் 1982 டெமோ 'நோ லைஃப் டில் லெதர்' அப்படிப் பரவித்தான் கம்பெனிக்காரர்கள் காதுக்கே போனது. போர்ட்னாயும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், கச்சேரிப் பதிவுகளைச் சேர்க்கும் பைத்தியம். பிற்பாடு அவர் யிட்ஸேஜாம் என்று தனியாக ஒரு லேபிள் ஆரம்பித்துப் பழைய டெமோக்களையும் கச்சேரிகளையும் வெளியிட்டதை வியாபாரமாக மட்டும் பார்க்க முடியாது. ரசிகன் எதைத் தேடி அலைவான் என்று தெரிந்த ஒருவர், கள்ளப் பதிவுக்காரர்களுக்கு முன்னால் தானே நல்ல பிரதியைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் கேசட்கிறுக்கன் சொல்லும் "பாடகருக்கு இடமில்லை" என்ற கதை எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அதற்கு இன்னொரு டெமோவை எடுத்துக்கொள்ளுங்கள். காலின்ஸை இவர்கள் பிடித்ததே, குவீன்ஸ்ரைக் என்ற குழுவின் 'குவீன் ஆஃப் தி ரைக்' பாட்டை அவர் பாடிய பதிவைக் கேட்டுத்தான். அந்தப் பாட்டு எங்கே வந்தது? அதுவும் ஒரு டெமோவில். வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ என்ற ஊர்ப் பையன்கள் 1982-இல் நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. ரெக்கார்டுக் கடை வைத்திருந்த ஒரு தம்பதி தாங்களே 206 ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்து 1983-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இஎம்ஐ வந்து எடுத்துக்கொண்டது.

அங்கேயும் பாடகர் கடைசியில்தான் வந்தார். ஜெஃப் டேட் அப்போது வேறு குழுவில் இருந்தவர், டெமோவுக்கு மட்டும் பாடிக்கொடுக்க வந்தார். இசை முன்பே தயார். ஆனாலும் அந்த நாலு பாட்டில் குரல் எப்படி நிற்கிறது பாருங்கள். ஆக, இசை முதலில், குரல் பிறகு என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

கேசட்கிறுக்கன்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் அந்த உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது. அந்த நாலில் 'தி லேடி வோர் பிளாக்' பாட்டுக்கு வரி எழுதியவர் டேட். நாலில் அவருடைய குரல் மூச்சுவிட்டு, தணிந்து, ஏறுவது அதில்தான். மற்ற மூன்றிலும் அவரும் உச்சத்தில்தான் ஓடுகிறார். அவருக்கு அந்தத் தொண்டை இருந்தது, தாங்கியது. காலின்ஸ் அந்தப் பாட்டை வைத்துத் தேர்வானவர் என்பதை மறக்காதீர்கள். பையன்கள் தேடியது உச்சத்தைத் தொடும் ஒருவரை. கிடைத்தார். எல்லாப் பாட்டிலும் எல்லா நேரமும் உச்சத்தைத் தொட வைத்தார்கள்.

புதுக்காது

இன்று மாலை மூன்று பாட்டையும் குரலில்லாமல் ஒரு தடவை, குரலோடு ஒரு தடவை கேட்டேன். 'டூ ஃபார்' எனக்குக் குரலில்லாமல்தான் பிடித்தது. 'யுவர் மெஜஸ்டி' குரலோடு பிடித்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கோரஸ் வரும் இடம் இருக்கிறதே, அங்கே மற்ற பாட்டுகளை விட ஒரு பாட்டு மாதிரி இருக்கிறது. 'எ விஷன்' கேட்டு முடிக்க முடியவில்லை, மன்னிக்கவும். 11 நிமிடத்துக்கு மேல் போகிறது.

பாடகர் பிறகு என்ன ஆனார்? பின்னால் வந்த ஆல்பங்களில் பாடும் லப்ரீ எப்போது வந்தார்?

கேசட்கிறுக்கன்

அந்தக் கதையே ஒரு தொடர்கதை.

1986 நவம்பரில் காலின்ஸ் விலகினார். கேசட் தீர்ந்துகொண்டிருந்த நேரம், பாடகர் இல்லை. சரியான ஆள் கிடைக்க ஒரு வருடம் போயிற்று. வந்தவர் சார்லி டொமினிசி, 1951-இல் பிறந்தவர். மற்ற நால்வரை விடப் பதினாறு வயது மூத்தவர். இதற்கிடையில் லாஸ் வேகாஸில் ஏற்கெனவே மெஜஸ்டி என்ற பெயரில் இருந்த குழு வழக்குப் போடுவோம் என்று மிரட்டியதால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயரைப் போர்ட்னாயின் அப்பா சொன்னார். அதுதான் ட்ரீம் தியேட்டர். பழைய பெயரை அவர்களால் விட முடியவில்லை. முதல் ஆல்பத்தில் வரும் வாத்தியப் பாட்டு 'தி யிட்ஸே ஜாம்' அதே பெயரைத் திருப்பிப் போட்டது.

1989 மார்ச்சில் அந்த முதல் ஆல்பம், 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்', எம்சிஏவின் கிளையான மெக்கானிக் வழியாக வந்தது. பெரிதாக ஓடவில்லை. டொமினிசியும் போனார். நியூயார்க்கில் ரிட்ஸ் அரங்கில் மரிலியன் குழுவுக்கு முன்னால் வாசித்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. பிறகு தேர்வுக்கு மேல் தேர்வு. நடுவில் ஒருவர் வந்து ஒரே கச்சேரியோடு போய்விட்டார். அப்புறம் யாருமே வேண்டாம் என்று யிட்ஸேஜாம் என்ற பெயரில் பாடகர் இல்லாமலேயே மேடை ஏறினார்கள். 'மெட்ரோபோலிஸ்', 'லேர்னிங் டு லிவ்' எல்லாம் இந்த இடைவெளியில் குரலுக்கு ஆளில்லாமல் வளர்ந்தவை.

1991-இல் கனடாவிலிருந்து ஒரு டெமோ கேசட் வந்தது. வின்டர் ரோஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த கெவின் ஜேம்ஸ் லப்ரீ அனுப்பியது. நியூயார்க்குக்கு வரவழைத்து மூன்று பாட்டு பாட வைத்தார்கள், வேலை முடிந்தது. குழுவில் ஏற்கெனவே ஒரு கெவின் இருந்ததால் இவர் ஜேம்ஸ் ஆனார். லப்ரீயோடு பதிந்த மூன்று பாட்டு டெமோவைக் கேட்டு அட்கோ ரெக்கார்ட்ஸ் ஏழு ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த அட்கோவின் தலைவர் யார் தெரியுமா? டெரெக் ஷுல்மன், ஜென்டில் ஜயன்ட் குழுவின் பாடகர். இந்த மாதிரி இசையை எழுபதுகளில் தானே பாடியவர்.

மிஸ்ரசாபு

ஜென்டில் ஜயன்ட் பாடகர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இந்த நாடா போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் "ரேடியோவுக்கு மூன்று நிமிடம் எங்கே?" என்று கேட்டிருப்பார்கள்.

பழையசோறு

1986 டெமோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1991-இல் நல்ல பாடகர் கிடைத்தார், நல்ல ஆல்பம் வந்தது. அதனால் 1986-இல் குறை பாடகரிடம் இருந்தது என்றுதானே ஆகிறது? உங்கள் கட்சிக்கு நீங்களே ஆப்பு வைத்துக்கொண்டீர்கள்.

கேசட்கிறுக்கன்

இல்லை. ஒரே பாட்டை இரண்டு பாடகர்கள் பாடி, இசையும் அப்படியே இருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும். அப்படி ஒரு பாட்டு இருக்கிறது.

2006 ஏப்ரல் 1. நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், குழுவின் இருபதாம் ஆண்டுக் கச்சேரி, 'ஸ்கோர்' என்ற பெயரில் வந்தது. முதல் பாதியில் திடீரென்று 'அனதர் வன்' வாசிக்கிறார்கள். பாடுவது லப்ரீ. கீபோர்டில் ஜோர்டன் ரூடெஸ். ஆக ஒரே பாட்டுக்கு மூன்று பிறவி: பெர்க்லியில் வாத்தியம் மட்டும், 1986-இல் காலின்ஸ், 2006-இல் லப்ரீ.

மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். லப்ரீ முதல் ஆளைவிடப் பத்து மடங்கு அனுபவசாலி, பின்னால் இசைக்குழுவே பக்குவப்பட்டுவிட்டது, ஒலிப்பதிவும் முதல் தரம். அப்படியும் அந்த வரிகளில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஒரு வரியை நீட்டிப் பிடிக்கலாம் என்று அவர் நினைக்கும் இடத்தில் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) அடுத்ததுக்குப் போய்விடுகிறது. அதே கச்சேரியில் அவர் 'அண்டர் எ கிளாஸ் மூன்' பாடுவதைக் கேளுங்கள். அதிலும் கிட்டார் சும்மா இருக்கவில்லை, ஆனால் பாடும் நேரத்தில் விலகி நிற்கிறது. அந்த விலகல் 1986-இல் இல்லை. இடையிடையே பாடகர் இல்லாமல் அலைந்ததில் அவர்கள் கற்றுக்கொண்டது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலவறை

பாடகர் இல்லாத காலத்தில் பாடகருக்கு இடம் விடக் கற்றுக்கொண்டார்கள் என்கிறீர்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் தர்க்கம் இருக்கிறது. மேடையில் குரல் இல்லாமல் வாசித்தால் எங்கே காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் ஆல்பத்துப் பாட்டுகளிலும் இதே சோதனையைச் செய்யலாம். 2004 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் அந்த ஆல்பத்தை முழுதாக லப்ரீயை வைத்து வாசித்தார்கள். கடைசியில் டொமினிசியே மேடைக்கு வந்து பாடினார். 1989 ஆல்பத்தில் டொமினிசி ஒல்லியாகக் கேட்கிறார் என்று எல்லாரும் சொல்வார்கள். லப்ரீ பாடும்போது அந்தப் பாட்டுகள் சட்டென்று நிமிர்ந்துவிடுகின்றன. ஆக, அங்கே குறை ஒலிப்பதிவிலும் பாடகரிலும்தான், எழுத்தில் குறைவு. 'அனதர் வன்' அப்படி நிமிரவில்லை. உங்கள் வாதத்துக்கு இது கூடுதல் பலம்.

டொமினிசி 2023 நவம்பரில் காலமானார். போர்ட்னாய் குழுவுக்குத் திரும்பி வந்த சில வாரங்களில். பதிமூன்று வருடம் கழித்து அவர் திரும்பினார் என்ற செய்திக்கு இங்கே எவ்வளவு ஆட்டம் போட்டோம், டொமினிசிக்கு யாரும் ஒரு இழைகூடப் போடவில்லை.

வெள்ளிரைச்சல்

ஒலி பற்றி இன்னொன்று. டெமோ என்றால் கேட்கச் சகிக்காது என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், 1986 பகுதி அவ்வளவு மோசம் இல்லை. எண்பதுகளில் மாணவர்கள் பணம் போட்டுச் செய்தது என்று பார்த்தால் டிரம்ஸ் நன்றாகவே பிரிந்து கேட்கிறது. மியுங்கின் பாஸ் எங்கே என்று தேட வேண்டும், அது உண்மை. ஆனால் பிற்கால ஆல்பங்கள் சிலவற்றிலும் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது! 2003 சிடி இப்போது சுலபத்தில் கிடைக்காது. 2022-இல் இன்சைட் அவுட் கம்பெனி தன்னுடைய பழைய பதிவு வரிசையில் இதை மறுபடி வெளியிட்டது. அதை எடுங்கள்.

பழையசோறு

இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று 'அனதர் வன்'னும் கேட்டேன். 2006 வடிவத்தில் லப்ரீ திணறுகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திணறுவது வேறு, கிழிப்பது வேறு.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதற்காக என்னைக் கட்சி மாறியவன் என்று எழுதாதீர்கள். எல்லாரும் ஒதுக்கும் 'எ விஷன்'தான் இந்தக் கேசட்டில் எனக்குப் பிடித்தது. 11 நிமிடத்தில் பையன்கள் குரலை மறந்துவிட்டு வாசிக்கும் நீண்ட பகுதிகள் இருக்கின்றன. அங்கே யாரையும் யாரும் முந்தவில்லை. மூர் வாசிக்கும்போது பெட்ரூச்சி சும்மா இருக்கிறார், பத்தொன்பது வயதில் அது பெரிய விஷயம். கேசட்கிறுக்கன் சொல்லும் அந்த "இடம்" குரலுக்குத்தான் கிடைக்கவில்லை, வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் 'அனதர் வன்'னையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

மிஸ்ரசாபு

சபாஷ். புதுக்காது தம்பி, இதற்காகவாவது 'எ விஷன்' முழுசாகக் கேட்டுவிடுங்கள். நடுப்பகுதியில் போர்ட்னாயை மட்டும் பின்தொடருங்கள், நீளம் தெரியாது.

புதுக்காது

சரி அண்ணே. பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன், ஊர் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

இன்னொரு கேள்வி. 'ஸ்கோர்' கச்சேரியில் 'ரெய்ஸ் தி நைஃப்' என்று ஒன்று இருக்கிறது, எந்த ஆல்பத்திலும் காணோம். அதுவும் மெஜஸ்டி காலத்துப் பாட்டா?

கேசட்கிறுக்கன்

இல்லை, அது பத்து வருடம் பிந்தியது. 1997-இல் வந்த 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' ஆல்பத்துக்காக எழுதியது. இரண்டு சிடியாக விட நினைத்தார்கள், கம்பெனி ஒன்றுதான் என்று சொல்லிவிட்டது. வெளியே தள்ளப்பட்ட பாட்டுகளில் அதுவும் ஒன்று. அந்த ஆல்பத்தின் டெமோக்களும் யிட்ஸேஜாமில் 2007-இல் வந்தன. அவற்றில் பிரச்சினை வேறு. அங்கே குரலுக்கு இடம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை, பாட்டு எழுதித் தரும் டெஸ்மண்ட் சைல்டை வெளியிலிருந்து வரவழைத்துப் பாட்டையே திருத்தி எழுத வைத்தார்கள். 'யூ ஆர் மீ' என்று டெமோவில் இருந்த பாட்டு ஆல்பத்தில் 'யூ நாட் மீ' ஆகி, போர்ட்னாய்க்கு இன்றுவரை எரிச்சல்.

பழையசோறு

அதற்குத் தனி இழை போடுங்கள். அந்தச் சண்டையில் நான் டெஸ்மண்ட் சைல்ட் பக்கம், இப்போதே சொல்லிவிட்டேன்.